ஏழாவது படி

மவுஸ்ஸாக்கலைத் தண்ணி இறங்க இறங்க
முங்கின கோயில் மேலே வரும்.
முதலில் மொட்டைச் சுவர்,
பிறகு சாமி போன வாசல்,
பிறகு படிகள்.
நான் எண்ணுவது படிகளை மட்டும்.

ஸ்டோரில் எனக்கு ஜெனரேட்டர் வேலை.
கரண்ட் இருக்கும்வரை சும்மா இருப்பவன்.
வாட்டல் தட்டுப் பக்கம் நிற்கும் புஷ்பலீலா
நான் பீடி குடித்துக்கொண்டிருந்தால் சிரிப்பாள்.
எழுந்து நடந்தால்
அவள் முகம் மாறிவிடும்.

மூணு படி தெரிந்தால் பயமில்லை.
அஞ்சு தெரிந்தால் பெனடிக்ட் கிளாக்கர்
டீசல் பீப்பாய்களைத் தட்டிப் பார்ப்பார்,
பலாப்பழம் வாங்க வந்தவர் மாதிரி.
ஏழு தெரிந்தால்
நாடு முழுக்கக் கரியில் நிற்கிறது.

மச்சான் தவசீலன் நுரைச்சோலையில்
சாம்பல் லொறிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறான்.
ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பான்.
"படி எத்தனை?" என்பான்.
"கப்பல் எத்தனை?" என்பேன்.
அதற்குப் பிறகுதான்
என் தங்கச்சியின் முதுகுவலி, பிள்ளைகளின் பரீட்சை எல்லாம்.

எந்த நாட்டுக் கரி என்று ஒருதரம் கேட்டேன்.
"ஒவ்வொரு கப்பலுக்கும் ஒவ்வொரு பேர் சொல்றாங்க.
சட்டையில ஒட்டுனா
எல்லாம் ஒரே ஊருதான்."

அந்தப் பங்குனியில் கப்பலுக்குக் கட்டக் காசில்லை என்றார்கள்.
ஏழாவது படியும் காய்ந்து கிடந்தது.
ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் இருட்டு.
பீப்பாயில் மிச்சம் ஒரு சாண் டீசல்.
ரோலரை ஓட்டுவதா, விசிறியை ஓட்டுவதா?
தொரை போனில் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.
அந்த யாரோ வேறு யாரையோ.

கொழுந்து மூச்சு விடும், தெரியுமா?
பறித்த பிறகும் விடும்.
விசிறி நின்றால்
தன் சூட்டிலேயே அவியும்.
புஷ்பலீலா முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்தாள்.
"தொண்ணூத்தொம்பது.
நூறு தாண்டுனா சொல்றேன்" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.
விடியற்காலை சிவந்து, புளித்து,
கள்ளுக்கடை மாதிரி நாறியது.
ஆயிரத்து நானூறு கிலோ.
சாக்கில் அள்ளிப் பள்ளத்தில் கொட்டினோம்.

எடுத்த கிலோவுக்குக் காசு உண்டா என்று
மலையில் கேட்டார்கள்.
கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெகுநேரம் துடைத்தார்.

எங்கள் லயத்துத் தகரத்துக்கு மேலே போகும் கம்பி
இங்கிருந்து எடுத்துக்கொண்டு போவதற்கு மட்டும்தான்
என்று நினைத்திருந்தேன்.
அப்படி இல்லையாம். அதற்கு இரண்டு பக்கமும் வழி.
மாசியில் அதன் வழியே
கரி மலையேறி வருகிறது.
ஆடியில் எங்கள் மழை
கடற்கரைக்கு இறங்கிப் போகிறது.
தவசீலன் வீட்டுப் பல்பில்
பாதி வருசம் நான் நனைந்த மழை.
என் காம்பராவில் பாதி வருசம்
அவன் துடைத்த சாம்பல்.

இன்னொன்றும் சொன்னான்.
வைகாசிக் கடைசியில் தென்மேற்கில் காற்று கிளம்பும்.
கடல் எழும்பிவிடும். கப்பல் கிட்ட வராது.
அதற்கு முன் குவித்து வைத்த கரிதான் கரி.
அதே காற்றுதானே
நாலு நாளில் சிவனொளிபாதத்தில் முட்டி
எங்கள் தலையில் ஊற்றுகிறது?
அவனுக்கு வாசலை அடைத்துவிட்டு
எனக்குத் திறக்க வருகிறது.
ஊதி ஊதி வந்துபோகிறது வருசா வருசம்.
எங்கள் செக்ரோலில்
காற்றுக்கு இன்னும் யாரும்
பேர் போடவில்லை.

இன்றைக்கு ஞாயிறு.
போன் அடிக்கிறது.
ஸ்டோர் மேட்டில் நின்று பார்க்கிறேன்.
ஆறு படி தெளிவாக இருக்கிறது.
அதற்குக் கீழே ஒரு கொக்கு.
அது நிற்பது படியிலா,
தண்ணியிலா?
இங்கிருந்து பார்த்தால்
கால் தெரியவில்லை.

"சொல்லு மச்சான், எத்தனை?" என்கிறான்.

கொஞ்சம் இரு.
அது பறக்கட்டும்.